அறம் தொடங்கும் இடம்

வானளாவிய கட்டடங்களை எழுப்பும் நிறுவனங்கள் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நன்கொடை வழங்குகின்றன. அது பாராட்டத்தக்கதே. ஆயினும், அவற்றின் அறம் முதலில் வெளிப்பட வேண்டிய இடம் கட்டுமானக் களமே ஆகும்.

செங்கல் சுமக்கும் தாயின் குழந்தை அங்கு மணற்குவியலின் அருகே உறங்குகிறது. 1969ஆம் ஆண்டு தில்லியில் காந்தியடிகள் நூற்றாண்டு விழாவிற்கான கட்டுமானப் பணி நடைபெற்றபோது, இந்நிலையைக் கண்டு வருந்திய மீரா மகாதேவன், களத்திலேயே கூடாரம் அமைத்துக் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்னும் தொண்டு அமைப்பு அவ்வாறு பிறந்தது.

பலர் பணிபுரியும் பெரிய களத்தில் காப்பகம் அமைத்தல் வேண்டும் எனச் சட்டம் விதிக்கிறது. எனவே, அங்குக் காப்பகம் அமைப்பது கடமை, கொடை அன்று. சிறு களங்களுக்கு அவ்விதி இல்லை. ஆனால், பத்துப் பெண்கள் பணிபுரியும் இடத்திலும் குழந்தைக்கு நிழலும் பாலும் எழுத்தும் தேவையல்லவா? கடமை முடியும் அவ்விடத்தில்தான் கொடை தொடங்குகிறது. நிறுவனம் இடமும் பொருளும் அளிக்கலாம். அருகில் வாழ்வோர் கதை சொல்லலாம், எழுத்தறிவிக்கலாம்.

பணி முடிந்ததும் தொழிலாளர் குடும்பங்கள் வேறு ஊருக்குச் சென்றுவிடும். கட்டடம் எழுந்தபின் வழங்கும் நன்கொடை அக்குழந்தைகளைச் சென்றடையாது. ஆதலால், சுவர் எழும்போதே உதவியும் எழ வேண்டும்.