வைஃபை எட்டலையா? பைப்பை நீட்டுங்க

ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க இப்பல்லாம் செருப்பைக் கழட்டும்போதே கேக்கிறது, "வைஃபை பாஸ்வேர்டு என்னங்க மாமா?" அரை மணி நேரம் கழிச்சு, "பின்னாடி ரூம்ல எடுக்கவே இல்லீங்களே" என்பாங்க. சாயங்காலத்துக்குள்ள தீர்ப்பும் வந்துடும்: "கிராமத்துல நெட்டு இவ்வளவுதான்."

இந்தத் தீர்ப்போட எனக்குச் சண்டை இருக்கு. எங்க ஈரோடு பக்கம் எத்தனையோ தோட்டங்களுக்கு ஃபைபர் வந்தாச்சு. பெட்டி மாட்டியிருக்கிற முன் ரூம்ல உக்காந்து பார்த்தா பிளான்ல சொன்ன வேகம் பெரும்பாலும் கிடைக்குது. அது காணாமப் போறது பெட்டிக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற நாற்பது, ஐம்பது மீட்டர்ல. அந்த தூரத்தைக் கம்பெனிக்காரன் வந்து சரி பண்ணமாட்டான். நாமதான் பண்ணணும்.

இதை ஏன் இவ்வளவு பெருசாப் பேசறேன்னா, பக்கத்துத் தோட்டத்துல ஒரு அக்கா தனியா இருக்காங்க. மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. வாரத்துல மூணு நாள் வீட்டுல இருந்தே பார்க்கலாம்னு ஆபீஸ்ல அனுமதி கிடைச்சுது. அம்மாகூடவே இருக்கலாம்னு வந்தான். தள்ளியிருக்கிற பழைய ஓட்டு வீட்டுல மேசை போட்டு உக்காந்தான். மீட்டிங் நடுவுல குரல் அறுந்து அறுந்து போச்சு. ரெண்டு ரிப்பீட்டர் வாங்கி மாட்டினான், அப்பவும் நிக்கல. மூணாவது மாசம் பெட்டியைக் கட்டிட்டுப் பெங்களூருக்கே போயிட்டான். அந்த அக்கா இப்ப மறுபடியும் தனியாத்தான் மாட்டைப் பிடிச்சுக் கட்டறாங்க. முன் வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிறது அறுபது மீட்டர்.

ரிப்பீட்டர் ஏன் ஏமாத்துதுன்னு எங்க பாஷையில சொல்றேன். ரௌட்டர்ங்கறது ஒரு ஸ்பிரிங்க்ளர் மாதிரி. வீசற தூரம் வரைக்கும்தான் வீசும். அந்த வீச்சோட ஓரத்துல ஒரு ஆளை நிறுத்தி, "விழற தண்ணியை வாளியில பிடிச்சு அந்தப் பக்கம் ஊத்துப்பா"ன்னா எப்படி இருக்கும்? பிடிக்கும்போது ஊத்த முடியாது, ஊத்தும்போது பிடிக்க முடியாது. பாதி நேரம் வாங்கறதுக்கே போயிடும். விலை குறைஞ்ச ரிப்பீட்டர்ல இருக்கிற ஒரே ரேடியோவும் இப்படித்தான். ரௌட்டர்கிட்ட கேக்கறதும் உங்க போனுக்குச் சொல்றதும் அதே ரேடியோ, அதே சேனல். வேகம் ஏறத்தாழ பாதியா குறைஞ்சுடும். அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு மாட்டினா, பாதியிலயும் பாதி.

இதுல இன்னொரு கொடுமை. சிக்னல் இல்லாத இடத்துலயே ரிப்பீட்டரைக் கொண்டுபோய் மாட்டறாங்க. தூறல் விழற இடத்துல வாளியை வெச்சா எதைப் பிடிச்சு எதை ஊத்தறது? போன்ல நாலு கோடு முழுசாத் தெரியும். அது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இருக்கிற நெருக்கம். ரிப்பீட்டருக்கே தண்ணி வருதான்னு அந்தக் கோடு சொல்லாது.

கடைசி வயலுக்குத் தண்ணி பத்தலைன்னா விவசாயி என்ன பண்ணுவான்? பைப்பை அங்க வரைக்கும் புதைச்சு, அங்க ஒரு ஸ்பிரிங்க்ளர் மாட்டுவான். வைஃபைக்கும் இதேதான். ரௌட்டர்ல இருந்து நெட்வொர்க் கேபிளை வேண்டிய இடம் வரைக்கும் இழுங்க. அந்த முனையில இன்னொரு வைஃபை பெட்டி. அதுக்கு ஆக்சஸ் பாயிண்ட்னு பேரு. கேட்6 ஒயர்ல 100 மீட்டர் வரைக்கும் ஜிகாபிட் வேகம் குறையாம போகும். நூறு மீட்டருக்கு அந்தப் பக்கமும் முன் ரூம் வேகமே கிடைக்கும்.

புதுப் பெட்டி வாங்கணும்னுகூட இல்ல. பழைய ரௌட்டர் ஒண்ணு அலமாரியில கிடந்தா அதுவே போதும். அதோட ஐபி முகவரியை மெயின் ரௌட்டரோடது கூட மோதாம மாத்திட்டு, டிஹெச்சிபியை நிறுத்திட்டு, லேன் ஓட்டையில ஒயரைச் செருகுங்க. ரெண்டு பெட்டிக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வையுங்க, நடந்து போகும்போது போன் தானா மாறிக்கும். ஆனா சேனல் வேற வேற இருக்கணும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணுமேல ஒண்ணு ஏறாத சேனல் 1, 6, 11 மூணுதான். 5 கிகாஹெர்ட்ஸ்ல இடம் தாராளம், வேகமும் அதிகம், ஆனா சுவரைத் தாண்டினா சீக்கிரம் களைச்சுடும். அதனாலதான் பெட்டி ஆள் உக்கார்ற ரூமுக்குள்ளயே இருக்கணும்னு சொல்றேன்.

ஒரு எச்சரிக்கை. ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்பு ஒயரைத் திறந்தவெளியில இழுக்காதீங்க. பக்கத்துல இடி விழுந்தா ரெண்டு முனையிலயும் இருக்கிற பெட்டிங்க கருகிடும். அங்கே ஃபைபர்தான் சரி. கண்ணாடி இழையில மின்சாரம் ஓடாது. ஊர்ல கேபிள் டிவி லைன் பார்க்கிற தம்பிகிட்ட ஒட்டற மெஷின் இருக்கும். ரெண்டு முனையிலயும் மீடியா கன்வெர்ட்டர் வெச்சா முடிஞ்சுது. மண்ணுல புதைக்கும்போது குழாய்க்குள்ள விடுங்க, எலிக்கு எல்லா ஒயரும் ஒண்ணுதான்.

பள்ளம் தோண்டவே முடியாது, நடுவுல ஓடையோ ரோடோ இருக்குதுன்னா, ஒண்ணையொண்ணு பார்த்து நிக்கிற ரெண்டு திசை ஆன்டெனா வெச்சு 5 கிகாஹெர்ட்ஸ்ல அனுப்பலாம். மரம் குறுக்க வரக்கூடாது. வாழை கன்னா இருக்கும்போது நல்லா எடுத்த லைன், குலை தள்ளற சமயம் செத்துப்போகும். ஈரமுள்ள இலை சிக்னலைக் குடிச்சுடும்.

டவுன்ல அபார்ட்மென்ட்ல இருக்கிற உங்களுக்கும் கணக்கு இதேதான். அங்கே தூரம் கம்மி, சுவர் ஜாஸ்தி. கம்பி கட்டின கான்கிரீட் சுவர், பீரோ, கண்ணாடி, மீன் தொட்டி எல்லாமே தடைதான். முதல்ல டிவிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்ச ரௌட்டரை வெளியில எடுத்து, வீட்டு நடுவுல தலை உயரத்துக்கு மேல வையுங்க. காசு செலவில்லாத வைத்தியம் இது. நகராத சாமானுக்கு, டிவிக்கும் ஆபீஸ் மேசைக்கும், ஒயரைக் குடுங்க. அப்பத்தான் காத்து முழுசும் போனுக்கு மிச்சமாகும். சுவருக்குள்ள பழைய டெலிபோன், கேபிள் டிவி குழாய் இருந்தா அதுக்குள்ளயே புது ஒயரை விடலாம். வாடகை வீடு, ஓட்டை போடக்கூடாதுன்னா மெஷ் வாங்குங்க. பெட்டிங்க தங்களுக்குள்ள பேசிக்கத் தனி ரேடியோ இருக்கிற மூணு பேண்ட் ரகமாப் பார்த்து வாங்குங்க. அந்த மெஷ்ஷையும் ஒயர்ல இணைக்க முடிஞ்சா இன்னும் நல்லா ஓடும்.

"கட்டுத்தரையில எதுக்கு நெட்டு? போன் டேட்டா பத்தாதா?"ன்னு எங்க ஊர்ப் பெரியவங்க கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா சாயங்காலம் ஊரே ஒரே டவர்ல தொங்கும்போது டேட்டா நத்தையா நகருது. வயசானவங்களைப் பார்த்துக்கணும்னு நினைக்கிற பிள்ளைக்கு அந்த நேரத்துலதான் வெளிநாட்டு மீட்டிங்கும் இருக்கு.

கிராமத்துக்குத் திரும்பணும்னு மண்வாசனை, வேப்பமர நிழல்னு நிறைய எழுதறாங்க, படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பிள்ளை வாரத்துல மூணு நாள் அம்மாகூட இருக்கிறதை அறுபது மீட்டர் ஃபைபரும் ஒரு பழைய ரௌட்டரும் தீர்மானிக்குதுன்னா, அதைச் செய்யறதுதான் முதல் வேலை. அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும்போது ரெண்டு கிலோ ஸ்வீட்டைக் குறைச்சுக்கிட்டு, வீட்டுல சும்மா கிடக்கிற ரௌட்டரை எடுத்துப் பையில போடுங்க. பள்ளம் தோண்ட நம்மகிட்ட மம்பட்டி இருக்கு.