ஒரு கால் மட்டும் கிடைத்தால்...?

தென்மேற்குப் பருவமழை தொடங்கினாலே கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் பயமும் தொடங்கிவிடுகிறது. விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் நம் தெருக்காரர்கள்தாம்.

அதே இடுக்கியின் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிகழ்ந்த நிலச்சரிவில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் பலியானார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. 2024 ஜூலை 30 வயநாடு பேரழிவில், சாலியாற்றில் அடித்து வரப்பட்ட உடல் உறுப்புகள் நிலம்பூர் பகுதியில் மீட்கப்பட்டன. அடையாளம் தெரியாதவை புத்துமலையில் எண் இட்டு அடக்கப்பட்டன.

மதரஸாவில் ஓதிய நாட்களில், 'உடலின் ஒரு பகுதி மட்டும் கிடைத்தால்' என்ற மஸ்அலாவை ஏட்டளவில் கடந்து போனோம். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கும் ஜனாஸா தொழுகை உண்டு. ஹனஃபி மத்ஹபில், பாதிக்கும் குறைவாக இருந்தால் துணியில் சுற்றி அடக்கினால் போதும். ஆனால் அது யாருடையது என்பதை ஏடு சொல்லாது; மருத்துவம்தான் சொல்ல வேண்டும்.

தடயவியல் மருத்துவர்கள் பாலினம், வயது, உயரம் ஆகியவற்றைக் கணிக்கிறார்கள். 1952இல் டிராட்டர், கிளெசர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வகுத்தனர். தொடை எலும்பின் நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41 கூட்ட வேண்டும். எலும்பு 45 செ.மீ. என்றால் உயரம் சுமார் 168.5 செ.மீ. இதிலும் மூன்று செ.மீ.க்கு மேல் கூடலாம், குறையலாம். தவிர, இது அமெரிக்க வெள்ளையின ஆண்களுக்கான கணக்கு. நம்மவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆக, உயரம் தேடலைச் சுருக்கவே உதவும். ஒரே உயரத்தில் பத்துப் பேர் காணாமல் போயிருந்தால்? முடிவைச் சொல்வது டி.என்.ஏ. பரிசோதனைதான்.

அடையாளம் உறுதியாகாதவரை மனைவியின் இத்தா, வாரிசுகளின் பங்கு, அரசு நிவாரணம் எல்லாமே தொங்கி நிற்கும். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத, சட்டப்படி பொதுவாக ஏழாண்டுகள் ஆக வேண்டும். வயநாட்டில் 32 பேரை இறந்தவர்களாக அறிவிக்க, கேரள அரசு 2025 தொடக்கத்தில் தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

துக்கத்தில், சட்டையைப் பார்த்து 'இவர்தான்' என்று சொல்லிவிடுகிறோம். அது தவறானால் இன்னொரு வீட்டு மய்யித்தை நம் கபர்ஸ்தானில் அடக்கியவர்களாவோம்.

ஆகவே, மலைக்கு வேலைக்குச் செல்வோரின் உயரம், பழைய எலும்பு முறிவு, உள்ளே வைத்த பிளேட், பல் சிகிச்சை விவரங்களை வீட்டில் எழுதி வையுங்கள். பெற்றோரும் பிள்ளைகளும் டி.என்.ஏ. மாதிரி கொடுக்கத் தயங்காதீர்கள். ஜமாஅத்துகள் இதற்கென ஒரு பதிவேடு வைக்கலாம். அடக்கம் சில நாள் தாமதமானாலும், உரியவரை உரியவரிடம் சேர்ப்பதும் மய்யித்துக்குச் செய்யும் கண்ணியமே.

அத்தகைய சோதனையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!