சாமான் பெட்டியைத் திறக்காதவர்கள்

ராணுவத்தில் ஓடி, பிறகு காட்டில் மரம் இழுத்து, கடைசியில் காயலான் கடையில் கேஸ் கட்டருக்குக் காத்திருந்த லாரிகளை நாங்கள் மீட்டிருக்கிறோம். அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் மீட்ட வண்டிகளை வரிசையாக நிறுத்தி நிதானமாகப் பார்த்தால் மனம் கனக்கிறது. இரும்பைக் காப்பாற்றினோம். அந்த இரும்பு எங்கே, யாருக்காக, எப்படி ஓடியது என்று சொல்லக்கூடிய சின்னச் சின்ன உடன்சாமான்களை எங்கள் கையாலேயே தொலைத்துவிட்டோம். இதை யார் ஒருவர் தலையிலும் கட்ட முடியாது. வண்டி வாங்கியவர், பட்டறைக்காரர், கண்காட்சியில் பரிசு கொடுத்தவர், படம் எடுத்துப் பரப்பியவர் என்று பழைய ராணுவ வண்டிகளில் ஈடுபாடு கொண்ட நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த அலட்சியம் இது.

ஒரு வண்டி வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகளைச் சுமந்த லாரிகளில் முக்கியமானவை ‘கனடியன் மிலிட்டரி பேட்டர்ன்’ வண்டிகள். கனடாவின் ஃபோர்டும் ஷெவர்லேயும் ஒரே மாதிரி அமைப்பில் 4 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டிகள் இவை. சப்பை மூக்கு, வலப்பக்க ஸ்டியரிங். வண்டி மாடலின் பெயரில் எஃப் என்றால் ஃபோர்டு, சி என்றால் ஷெவர்லே. பக்கத்தில் உள்ள எண் எத்தனை ஹண்ட்ரட்வெயிட் பாரம் என்பதைச் சொல்லும். 60 என்றால் மூன்று டன். ஃபோர்டில் 95 குதிரைத்திறன் வி-8, ஷெவர்லேயில் 85 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் எஞ்சின். கேபினிலும் 11, 12, 13 என்று மூன்று வகை உண்டு. 13-ஆம் வகையில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டுப் பளபளத்து மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இந்த வண்டிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. அன்றைய ஃபோர்டு இந்தியா, கனடா ஃபோர்டின் கிளை நிறுவனம். பம்பாய், கல்கத்தாவோடு சென்னையிலும் அது வண்டி பூட்டியது. பெட்டிகளில் பாகங்களாகக் கப்பலில் வந்த ராணுவ லாரிகள் இந்த நாட்டில் பூட்டப்பட்டன. பல சேசிஸ்களுக்கு உடல் இங்கேயே கட்டப்பட்டது. அதற்கு ‘இந்தியன் பேட்டர்ன்’ என்றே பெயர். ஆகவே கனடாவில் அச்சிட்ட கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓடிய லாரியில் என்னென்ன இருந்திருக்கும் என்று முடிவுகட்ட முடியாது. கிடைக்கிற வண்டியே சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் நாங்கள் விசாரிக்காமல் அழித்தோம்.

ஒரு பின்கதவைச் சொல்கிறேன். மரம் இழுத்த லாரியிலிருந்து கழற்றியது. அதன் ஒரு மூலையை நைஸ் வாட்டர் பேப்பரால், தண்ணீர் விட்டு விட்டு, உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தோம். மேலே முதலாளி அடித்த நீலம். அதன் கீழ் ரெட் ஆக்சைடு. அப்புறம் கரும்பச்சை. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் மணல் நிறம் தெரிந்தது. பச்சைக்குக் கீழே மணல் நிறம் இருந்தால் அந்தக் கதவு பாலைவனத்தைப் பார்த்துவிட்டுக் காட்டுக்கு வந்திருக்கலாம். எரித்திரியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் போரிட்டு, பிறகு அரக்கானிலும் 1944-இல் இம்பாலிலும் நின்ற ஐந்தாவது இந்திய டிவிஷனைப் போல இரண்டு போர்முனைகளையும் கண்ட படைகள் உண்டு. பச்சை நிறத்தின் மேல் வெள்ளையில் ஓர் எண்ணின் வளைவு கொஞ்சம் தெரிந்தது. பொறுமையாக இன்னும் தேய்த்திருந்தால் முழு எண்ணும் கிடைத்திருக்கும். கண்காட்சிக்கு நாள் நெருங்குகிறது என்று கதவை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பினோம். மாலையில் வெள்ளித்தட்டு மாதிரி திரும்பி வந்தது. கதவு நன்றாகத்தான் இருக்கிறது. அது எந்தப் படையோடு போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இப்படித் திரும்பி வந்த கதவுகளும் பானட்டுகளும் எங்கள் பட்டறைகளில் ஏராளம். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, கைதட்டல் வாங்கினோம்.

சாமான்களில் எங்கள் அறியாமை இதைவிட மோசம். இந்த லாரிகளின் ரிம் இரண்டு பாதிகளாக வந்து, சுற்றிலும் நட்டு போட்டு இறுக்கப்படும். அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். டயரில் காற்று இருக்கும்போது இவற்றைத் தொடாதே என்று அர்த்தம். தொட்டால் ரிம் பிளந்து தெறிக்கும். எதிரே இருப்பவர் உயிரோடு தப்புவது அரிது. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் வேறு, ரிம்மைப் பிணைக்கும் நட்டுகள் வேறு என்பதை எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் புரியவைத்த நிறம் அது. நாங்கள் என்ன செய்தோம்? எல்லா நட்டுகளுக்கும் சேர்த்துப் பச்சை அடித்தோம். பார்க்க ஒரே சீராக இருக்க வேண்டுமாம். பஞ்சர் ஒட்ட வருகிற பையனுக்கு இருந்த ஒரே எச்சரிக்கையையும் அழகுக்காக அழித்தோம். எங்கள் அலட்சியங்களிலேயே பெரியது என்று நான் நினைப்பது இதைத்தான்.

பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸில் ஒரு குட்டி விளக்கு இருக்கும். டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் பின்புறம் வெள்ளை அடித்திருப்பார்கள். இரவில் ஹெட்லைட் போடாமல் வரிசையாக நகரும்போது அந்த விளக்கின் வெளிச்சம் கீழே வெள்ளையில் மட்டும் விழும். பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தே இடைவெளி விட்டு ஓட்டுவார். மேலிருந்து பார்க்கும் விமானிக்கு எதுவும் தெரியாது. எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு! அந்த விளக்கை நம்பர் பிளேட் விளக்கு என்று நினைத்து இடம் மாற்றினோம், ஹவுசிங்குக்குக் கறுப்பு அடித்தோம். கேபினுக்குள் ரிஃபிள் சாய்த்து வைக்கும் பிடிகளை, ஏதோ பிற்காலத்துக் கொக்கி என்று அறுத்து எடுத்தோம். முன்பக்கம் இருந்த மஞ்சள் வட்டம், எந்தப் பாலம் இந்த வண்டியைத் தாங்கும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கான இடம். அதில் எங்களுக்குப் பிடித்த எண்ணை எழுதிவைத்தோம்.

பெட்ரோல் கேன்கள் கதை தனி. ஜெர்ரி கேன் ஜெர்மானியர் வடிவமைப்பு. 20 லிட்டர், மூன்று கைப்பிடி, அழுத்தி எடுத்த இரண்டு பாதிகளை ஒட்டிய உடல், நெம்பித் திறக்கும் மூடி. பிரிட்டிஷார் கையில் இருந்ததோ நான்கு கேலன் தகர டின். போகிற வழியெல்லாம் ஒழுகும். அதனால் ஜெர்மன் கேனைப் பிடித்துப் பார்த்து அப்படியே நகல் எடுத்தார்கள். அவர்கள் செய்ததில் டபிள்யூ.டி. என்ற எழுத்தும் அம்புக்குறியும் ஆண்டும் இருக்கும். அமெரிக்கர்கள் மூடியைத் திருகும்படி மாற்றினார்கள். இவ்வளவும் தகட்டிலேயே படிக்கக் கிடைக்கிறது. படித்தவர்கள் எத்தனை பேர்? அமெரிக்கக் கேனின் அடியில் 20-5-44 என்று குத்தியிருப்பதை 1944 மே 20 என்று வாசித்து, நாள் குறித்த பொக்கிஷம் என்று சொல்லி விற்றோம், வாங்கினோம். 20 என்பது தகட்டின் கேஜ், 5 என்பது கேலன், 44 மட்டும்தான் ஆண்டு. 1942-இல் இருந்ததாகக் காட்டும் லாரியில் 1970-களின் கேனைக் கட்டி வைத்ததும் நாங்கள்தான். கேனைக் கவிழ்த்துப் பார்க்கக் குனியவில்லை.

பித்தளைத் தீயணைப்பான் இன்னொன்று. பைரீன் என்று பெயர் பொறித்திருக்கும். அதை பிராஸோ போட்டுத் தேய்த்து மினுக்கி டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டுவதில் எங்களுக்குள் போட்டியே உண்டு. அதற்குள் இருப்பது கார்பன் டெட்ராகுளோரைடு. ஈரலைக் கெடுக்கும் திரவம்; நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு கிளம்பும். குலுக்கிப் பார்த்து, உள்ளே இன்னும் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, குழந்தைகள் ஏறி உட்காரும் கேபினில் அப்படியே வைத்திருக்கிறோம். ராணுவத்தில் இதற்குப் பெரும்பாலும் பெயின்ட் அடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய ராணுவ வண்டி என்றால் கதவில் வெள்ளை நட்சத்திரம். எங்களுக்குத் தெரிந்த ராணுவம் ஆங்கிலப் படங்களில் பார்த்த ராணுவம். அந்த நட்சத்திரம் அமெரிக்கப் படையின் குறி. 1944-இல் மேற்கு ஐரோப்பாவில் படையிறங்கிய நேசநாட்டுப் படைகளுக்கும் அது பொது அடையாளமாயிற்று. 1941-இல் பாலைவனத்தில் ஓடிய இந்தியப் படை லாரியில் அதற்கு என்ன வேலை? இந்திய டிவிஷன்களுக்குச் சொந்த அடையாளங்கள் இருந்தன. நான்காவது டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, ஐந்தாவதுக்குச் சிவப்பு வட்டம், ஏழாவதுக்குத் தங்க அம்பு. இந்த ஊர்ப் பையன்கள் அந்த அடையாளங்களுக்குக் கீழே ஸ்டியரிங் பிடித்தார்கள். அவர்களை அழித்து வேறொருவரின் நட்சத்திரத்தை ஒட்டினோம்.

இன்னொரு விதமான அழிப்பையும் நாங்கள் செய்தோம். அதைத் தவறு என்று எங்களில் பலர் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போர் முடிந்து, மிச்சமான லாரிகள் டிஸ்போசலில் ஏலம் போயின. பெட்ரோல் குடிக்கும் எஞ்சினை வைத்துக்கொண்டு தொழில் நடத்த முடியாது என்று லாரிக்காரர்கள் டீசலுக்கு மாறினார்கள். 1950-களில் சென்னை சிம்சனில் செய்யத் தொடங்கிய பெர்கின்ஸ் பி-6 எஞ்சினைத் தூக்கி பழைய சேசிஸ்களில் உட்காரவைத்தார்கள். அதற்காக மெக்கானிக் கையால் அடித்துச் செய்த எஞ்சின் மவுண்டிங், நீட்டி வெல்டிங் வைத்த கியர் ராடு, மரம் கட்டும் சங்கிலிக்காகப் போட்ட கொக்கிகள் எல்லாம் அந்த வண்டிகளில் இருந்தன. போரில் அந்த லாரி ஓடியது அதிகபட்சம் ஐந்தாறு வருடம். மலையில் மரம் இழுத்தது அதைப்போல் பல மடங்கு. நாங்கள் ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் அந்த நீண்ட வாழ்க்கையை எடைக்குப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ வி-8 எஞ்சினைத் தேடிக் கொண்டுவந்தோம். அப்படி மீட்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. கழற்றிய அந்த மவுண்டிங்கைப் படம் எடுத்து, செய்த பட்டறை எது என்று குறித்து, ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கலாம். செய்யவில்லை. அந்த மவுண்டிங்கைச் செய்த மெக்கானிக்குகளும் போய்விட்டார்கள்.

சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் ஒரு நட்டைக் கையில் வாங்கி, மரையைத் தடவிப் பார்த்தே இது அமெரிக்க மரை, இது பிரிட்டிஷ் விட்வொர்த் என்று சொன்ன பெரியவர்கள் இருந்தார்கள். கனடா வண்டியில் அமெரிக்க மரை. அதில் விட்வொர்த் ஸ்பேனரைப் போட்டு உருட்டிக் கெடுத்த போல்ட்டுகளைக் கொண்டுபோய் அவர்களிடம்தான் நின்றோம். “இந்த டூல் பாக்ஸ்ல என்னென்ன இருந்துச்சு, பெரியவரே?” என்று கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம்.

2021 ஜூலையில் மத்திய அரசு 50 வருடத்துக்கு மேற்பட்ட பழைய வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். வண்டி முதல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்களிடம் அதற்கு ஆதாரம் என்ன இருக்கிறது? டாஷ்போர்டிலிருந்த பித்தளைத் தகட்டில் சேசிஸ் எண்ணும் கான்ட்ராக்ட் எண்ணும் இருந்தன. பாலிஷ் போட்டுப் போட்டு எழுத்தைத் தேய்த்தவர்கள் எங்களில் உண்டு. கழற்றி விற்றவர்களும் உண்டு.

இப்போது சக்திமான்களின் முறை. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தோடு 1959-இல் ஜபல்பூரில் தொடங்கி 1990-களின் நடுவரை செய்த லாரி. கூடவே நிஸ்ஸான் ஒன்-டன் லாரியும் ஜோங்கா ஜீப்பும் ஏலத்தில் வருகின்றன. வாங்கிய மறுநாளே அம்புக்குறி போட்ட நம்பர் பிளேட்டைச் சுரண்டிவிட்டு, அகலமான டயர் மாட்டி, பக்கத்தில் இறக்குமதிக் கேன் தொங்கவிடுகிறார்கள். ஏலத்தில் கூடவே வந்த தார்ப்பாய்க் கம்பி, கிரீஸ் கன், கிராங்க் ராடு, பராமரிப்புப் புத்தகம் எல்லாம் ஒரு சாக்கில் காயலான் கடைக்குப் போகின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

கனடா லாரியை ஓட்டியவர்களைக் கேட்கும் காலம் போய்விட்டது. சக்திமானை ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். வேலூர்ப் பக்கம் பல வீடுகளில் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு சாக்கை விரித்து, டூல் பாக்ஸைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, “ஐயா, இது எங்கே மாட்டுறது, எதுக்கு?” என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை எங்களில் ஒருவரும் இன்னும் தொடங்கவில்லை.