அப்பாவின் பழைய புல்லட்டைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்!

சிட்லபாக்கத்தில் தனி வீடுகள் உள்ள தெருக்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு போர்ட்டிகோவில், கிழிந்த பெட்ஷீட்டுக்கு அடியில் பழைய வண்டி ஒன்று தூங்கிக் கொண்டிருக்கும். புல்லட்டாக இருக்கும், இல்லையென்றால் 1996 வரை மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி குடும்பத்து வண்டியாக இருக்கும். "இந்த இரும்பை எடைக்குப் போட்டாத்தான் என்ன?" என்பது வீட்டம்மாவின் கேள்வி. "ரிட்டயர் ஆனதும் நானே ரெடி பண்ணிடறேன்" என்பது ஐயாவின் பதில். இந்த வழக்கில் என் ஓட்டு ஐயாவுக்குத்தான். ஆனால் அம்மாவின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் விடப்போவதில்லை.

முதலில் ஐயாவின் கட்சி.

நம்ம ஊர்க்காரர்களுக்கு புல்லட் வெறும் வண்டி இல்லை. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி சென்னையில் ஆரம்பமாகி, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் இருந்த தாய்க் கம்பெனி 1970-ல் மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. அதில் அலுவலகம் போனவர், கல்யாணமான புதிதில் மனைவியை மாமல்லபுரம் கூட்டிப் போனவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவருக்கு அது இரும்பு அல்ல; வாலிபம்.

சரி, உணர்ச்சியை விடுங்கள். உடம்புக்கு இதனால் என்ன லாபம்?

முப்பத்தைந்து வருஷம் காலையில் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிய மனுஷன், ஓய்வு பெற்ற மறுநாள் முதல் பேப்பரும் கையுமாக உட்கார்ந்து விடுகிறார். கொஞ்ச நாளில் எதற்கெடுத்தாலும் எரிச்சல், தூக்கமின்மை, "நான் யாருக்கும் வேண்டாதவன்" என்ற நினைப்பு. மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணத்தை எந்த மாத்திரையும் தராது. 2023-ல் நேச்சர் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 93 ஆயிரம் பேரைப் பார்த்ததில், பொழுதுபோக்கு வைத்திருப்பவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவும் மகிழ்ச்சி கூடுதலாகவும் இருந்ததாம். பொழுதுபோக்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், அலட்சியம் செய்யக்கூடிய விஷயம் இல்லை.

பழைய வண்டியைப் புதுப்பிப்பதில் இன்னொரு வசதி. தனியாக அறைக்குள் அடைந்து செய்ய முடியாது. ஒரு பழைய பாகத்துக்காக குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டைக்கு நடக்க வேண்டும். கடைக்காரரிடம் பேரம் பேச வேண்டும். லேத்துக்காரரிடம் விளக்க வேண்டும். எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நடை, பேச்சு, கைவேலை, ஞாபகம்... நாலும் ஒரே டானிக்கில்!

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்கும் பிள்ளைகளே, தயவுசெய்து அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

இனி அம்மாவின் கட்சி.

போர்ட்டிகோ ஐயாவின் தனி ராஜ்ஜியம் அல்ல. அதை ஒட்டித்தான் ஹால் ஜன்னல். அங்கேதான் பேரக்குழந்தை தவழ்கிறது. எனவே என் கருத்து இதுதான்: பிரிப்பது, துடைப்பது, பூட்டுவது வீட்டில் நடக்கட்டும். சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, முலாம் பூசுவது மூன்றையும் வெளியே பட்டறையில் கொடுங்கள். செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூசியாகித் தரையில் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டலாம். பிரேக் டிரம்மைத் திறந்ததும் 'ஃபூ' என்று வாயால் ஊதும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வேண்டவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். வேலை செய்த சட்டையையும் வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

அடுத்தது, புகை. எஞ்சின் முதல் தடவை உயிர் பெறும் சந்தோஷத்தில், கதவைச் சாத்திய ஷெட்டிலேயே பத்து நிமிஷம் ஓடவிடுகிறவர்கள் உண்டு. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம், சில சமயம் மரணம். வண்டியைத் தெருவாசல் வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

பெட்ரோலில் கை கழுவுவதையும் நிறுத்துங்கள். அதில் உள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. கிரீஸ் படிந்த கையில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள், போய்விடும். தகரம் கிழித்துக் காயம் பட்டால் நன்றாகக் கழுவுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் டாக்டரைப் பாருங்கள். சுமார் 160 கிலோ வண்டியை ஒற்றை ஆளாக சென்டர் ஸ்டாண்ட் போட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்; பையனைக் கூப்பிடுங்கள். கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் ஊர் ஏரியைச் சீர்படுத்த மக்கள் எத்தனை வருஷம் குரல் கொடுத்தார்கள்! மழைநீரோடு அது அங்கேதான் போய்ச் சேரும். கேனில் சேர்த்து ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வண்டி ரெடியான பிறகுதான் இன்னொரு ஆபத்து. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளில் நேர் எதிர். "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று பையன் எடுத்துப் போனால், அவசரத்தில் வலது காலை அழுத்துவான். விழுவது கியர், பிரேக் அல்ல! காலியான மைதானத்தில் நாலு நாள் பழகாமல் அவனை ராஜேந்திர பிரசாத் சாலையில் விடாதீர்கள். ஐயாவும்தான். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் கிக்கரை உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். மூட்டு வலிக்காரருக்கு அது தாங்காது. ஹெல்மெட் பற்றி நான் சொல்ல வேண்டுமா என்ன?

கடைசியாகப் பணம். முதல் ரூபாய் செலவழிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்துகிறதா பாருங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தால்தான் சாலையில் ஓட்டலாம். 50 வருஷம் தாண்டியதை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது. மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை வீட்டம்மாவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பென்ஷனில் பாதி புதுப்பேட்டைக்குப் போனால் பி.பி. யாருக்கு ஏறும் என்று தெரியும்தானே?

அம்மா, காயலான் கடைக்காரரை இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்லுங்கள். ஐயா, அந்த ஒரு வருஷத்தில் குறைந்தபட்சம் பெட்ஷீட்டையாவது எடுத்துவிடுங்கள்!