வவுச்சர் இல்லாத தீர்ப்புகள்

ஜனரஞ்சகத் துப்பறியும் நாவல்களைப் பற்றி நம் வட்டத்தில் ஒரே ஒரு அபிப்ராயம்தான் உண்டு: குப்பை. இதைச் சொல்ல ஒன்றையாவது முழுக்கப் படித்திருக்க வேண்டும் என்றுகூட யாரும் நினைப்பதில்லை. தீர்ப்பு ஒருவேளை சரியாகவே இருக்கலாம். ஆனால் பாங்கில் வவுச்சர் இல்லாமல் லெட்ஜரில் பதிவு போட்டால், தொகை சரியாக இருந்தாலும் ஆடிட்டர் விடமாட்டார். தமிழ் விமர்சனத்துக்கு ஆடிட்டர் கிடையாது.

பிரெஞ்சில் எழுதிய பெல்ஜியக்காரர் ஜார்ஜ் சிமெனோன் சொந்தப் பெயரில் மட்டும் இருநூறை ஒட்டிய நாவல்கள் எழுதினார். 1976ல் தம் காகிதங்களைப் பிறந்த ஊரான லியேழின் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். நாவல் தொடங்குமுன் பாத்திரங்களின் பெயர், வயது, விலாசம், குடும்பம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் உறையின்மேல் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். பிறகு நாளுக்கு ஓர் அத்தியாயம். அந்த உறைகளைப் புரட்டுகிற விமர்சகன், திட்டம் எங்கே முடிந்தது, எழுத்து எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

பெர்ரி மேஸனைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தன்னையே ‘கதைத் தொழிற்சாலை’ என்று சொல்லிக்கொண்டவர். செக்ரட்டரிகளுக்கு டிக்டேட் செய்தே நாவல்களை உற்பத்தி செய்தார். 1970ல் இறந்தார். அவருடைய காகிதங்கள் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரேன்ஸம் மையத்தில் இருக்கின்றன. ஜேம்ஸ் ஜாய்ஸ் ட்ரியஸ்ட் நகரில் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களும் அதே மையத்தில்தான். ஜாய்ஸுக்கு அதனால் தீட்டு ஒட்டிவிடவில்லை.

நம் பக்கம் என்ன? ரெயினால்ட்ஸைத் தமிழில் தழுவிய ஆரணி குப்புசாமி முதலியார், ராஜாம்பாள் எழுதிய ஜே. ஆர். ரங்கராஜு, மேனகா எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்கார் — இவர்களின் புத்தகங்களாவது ஓரளவு மிஞ்சியதற்குக் காரணம் பல்கலைக்கழகங்களோ விமர்சகர்களோ அல்ல. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் போன்ற தனி மனிதர்கள். சுமார் ஒரு லட்சம் உருப்படிகளை அவர் ஒருவராகச் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்த பிறகு, 1994ல் அதை விலை கொடுத்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். தொகுப்பு சென்னையிலேயே இருக்க ஏற்பாடானது நம் அதிர்ஷ்டம். அதிலும் பெரும்பகுதி அச்சேறியவைதான். ஒரு நாவல் எப்படி உண்டாயிற்று, யார் பணம் கொடுத்தார்கள், யார் கத்தரித்தார்கள் என்பதை அச்சான புத்தகம் சொல்லாது.

இங்கே அரவேணுவிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்ஸில், தேயிலை ஃபாக்டரி ஆட்கள் கையில் ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவலைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் சிறுபத்திரிகை ஒன்றை ஒருமுறையும் பார்த்ததில்லை. 1947ல் பிறந்த கோவைக்காரர். 1500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற வாசகர் எதைக் கேட்டார், இவர் எதைக் கொடுத்தார், மாதா மாதம் நாவல் வேண்டும் என்ற கெடு வாக்கியத்தை என்ன செய்தது என்பதற்கெல்லாம் விடை கையெழுத்துப் பிரதிகளிலும் வாசகர் கடிதங்களிலும் ராயல்டி கணக்கிலும்தான் இருக்க முடியும். நம் கட்டுரைகளில் இல்லை.

அந்தக் காகிதங்களுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் இடம் கொடுத்தால் அந்தஸ்தும் கொடுத்ததாகிவிடும் என்று நண்பர்கள் பயப்படுகிறார்கள். ரெக்கார்டு ரூம் கோயில் அல்ல. தவணை தவறாமல் கட்டியவர் பத்திரமும் வாராக் கடன் வைத்தவர் பத்திரமும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். பின்னவருடையதை இன்னும் ஜாக்கிரதையாக வைப்போம். வழக்கு என்று வந்தால் அதுதானே சாட்சி?

மலையில் காகிதம் சாக இரண்டு மழைக்காலம் போதும். பூஞ்சை பிடித்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சமவெளியில் அந்த வேலையைக் கறையான் செய்கிறது. ஆகவே இது எழுத்தாளர் மறைந்த பிறகு நூற்றாண்டு விழாவில் யோசிக்கிற விஷயமல்ல. கேட்டு வாங்கி, பெட்டிக்கு எண் போட்டு வைக்க வேண்டியது கோவையிலுள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தின் வேலை. கேட்கும்படி அதை நெருக்க வேண்டியது நம் வேலை. ரசிகர்கள் செய்யட்டும் என்று விட முடியாது. ரசிகர்களுக்கு நாவல் போதும், காகிதம் தேவையில்லை. காகிதம் தேவைப்படுவது குற்றம் சாட்டுகிற நமக்கு.

தீவிர எழுத்து வேறு, தொழில் எழுத்து வேறு என்று ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறோம். அந்த வேறுபாடு உண்மையானால், தொழில் எழுத்தின் பெட்டியைத் திறந்து பார்ப்பதால் அது கெட்டுப்போகாது. திறக்கவே மறுப்போமானால், நாம் சொல்லி வந்தது விமர்சனம் அல்ல, ஜாதி ஆசாரம்.