மாரமங்கலத்துல வில்லா வாங்குறீங்களா? வீட்டைப் பார்த்தா போதாது, அசோசியேஷனையும் பாருங்க!

ஏற்காட்டுக்கு வீக் எண்ட் ட்ரிப் போய், அப்படியே மாரமங்கலம் பக்கம் வண்டியை விட்டா காபித் தோட்டம், மிளகுக்கொடி, பனி... 'இங்கயே ஒரு வீடு வாங்கிட்டா என்ன?'னு யாருக்கும் தோணும். 'நாம தங்காத நாள்ல ஹோம் ஸ்டேவா விட்டா, இ.எம்.ஐ-யும் சரியாயிடும்'னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும்.

பத்திரம், வில்லங்கச் சான்று, அப்ரூவல் எல்லாத்தையும் வக்கீல்கிட்ட காட்டுவோம். ஆனா, வீட்டு உரிமையாளர் சங்கம் பத்தி பெரும்பாலும் கேட்கிறதே இல்லை. பேங்க் லோன் 20 வருஷத்துல முடிஞ்சிடும். சங்கத்துக்குக் கட்டுற மெயின்டனன்ஸ், வீடு உங்க பேர்ல இருக்கிற வரைக்கும் முடியாது!

ரோடு யாருக்குச் சொந்தம்?

அப்பார்ட்மென்ட்னா நிலத்துல உங்களுக்குப் பிரிக்கப்படாத பங்கு இருக்கும். மாடிப்படி, லிஃப்ட் எல்லாம் பொது. அங்கீகாரம் பெற்ற லே-அவுட்ல கதை வேற. உள் ரோடுகளை தானப்பத்திரம் மூலமா உள்ளாட்சிக்குக் கொடுத்திடுவாங்க. வாசல்ல கேட் போட்டிருந்தாலும் ரோடு ஊராட்சியோடது. அப்போ குழி விழுந்தா சரிபண்றது யாரு, தெருவிளக்கு பில் யாரு கட்டுறாங்க... வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

2016-ல வந்த ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேலயோ 8 வீடுகளுக்கு மேலயோ போற புது ப்ராஜெக்ட் பதிவாகணும். பெரும்பான்மை வீடுகள் புக் ஆன 3 மாசத்துக்குள்ள சங்கம் அமைய பில்டர் வழி செய்யணும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்த பிறகு, பழைய கட்டடத்தை இடிச்சுக் கட்ட மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சா போதும். ஒருத்தர் முரண்டு பிடிச்சு நிறுத்த முடியாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* விதிமுறைப் புத்தகம்: தினசரி வாடகைக்கு விட சங்கம் அனுமதிக்குதா? இல்லைன்னா ஹோம் ஸ்டே கனவும் இ.எம்.ஐ கணக்கும் அங்கேயே காலி.

* 3 வருஷ வரவு செலவு: பொது நிதியில எவ்வளவு இருக்கு, எத்தனை வீடு பாக்கி? மலையில பல வீடுகள் வருஷத்துல பாதி நாள் பூட்டியே கிடக்கும். வாட்ச்மேன் சம்பளமும் மோட்டார் ரிப்பேரும் நிக்காது. மழையில தடுப்புச்சுவர் சரிஞ்சா செலவு லட்சத்துல போகும். பாதிப் பேர் கட்டலைன்னா, சுமை மீதிப் பேர் தலையில்தான்.

* பாக்கி இல்லை சான்று: பழைய ஓனர் வெச்ச பாக்கியை உங்ககிட்ட கேட்டு வந்து நிக்காம இருக்க, சங்கத்துகிட்ட எழுத்துல வாங்கிடுங்க.

* ஜி.எஸ்.டி: மாச மெயின்டனன்ஸ் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தோட ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினா 18% வரி வரும்.

* செல்லப்பிராணி: 'நாய் வளர்க்கக் கூடாது'னு தடை போட சங்கத்துக்கு அதிகாரம் இல்லைன்னு விலங்குகள் நல வாரியம் 2015-லயே சொல்லிடுச்சு.

புரோக்கர் காட்டுறது வியூ மட்டும்தான். அங்கே ஏற்கெனவே குடியிருக்கிற ரெண்டு பேர்கிட்ட, 'தண்ணி ஒழுங்கா வருதா, மீட்டிங் நடக்குதா, கணக்கு காட்டுறாங்களா?'னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினாங்கன்னா, அட்வான்ஸ் பணம் இன்னும் கொஞ்ச நாள் உங்க அக்கவுன்ட்லயே இருக்கட்டும்!