கடவுள் ஒருவர், வழிபாடு பலவிதம்!

ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூ. உள்ளே நுழைந்ததும் அதைப் பொதுவான ஒரு ஜாடியில் வைக்கிறார்கள். பிரார்த்தனை நடக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆளுக்கு ஒரு பூவை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், தாம் கொண்டுவந்த பூவை அல்ல. வேறு யாரோ கொண்டுவந்ததை!

இது ஒரு சபையின் ஆராதனை. 1923-ம் ஆண்டு, பிராக் நகரில் நார்பெர்ட் சாபெக் என்ற போதகர் இதைத் தொடங்கினார். அவரிடம் வந்தவர்களில் பலர் பழைய சபைகளை விட்டு மனக்கசப்போடு வெளியேறியவர்கள். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் சடங்கு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் பூ.

பூவைக் கொடுத்தவரை நாஜிகள் விடவில்லை. 1941-ல் கைது செய்தார்கள். டாக்காவ் சிறை முகாமுக்கு அனுப்பினார்கள். 1942-ல் அவர் உயிர் பறிபோயிற்று. அவருடைய மனைவி மாயா அதற்கு முன்பே அமெரிக்கா போயிருந்தார். அவர் மூலம் பூ வழிபாடு கடல் கடந்து பரவியது.

யார் இவர்கள்?

சாபெக்கின் சபைக்கு யூனிடேரியன் சபை என்று பெயர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் சேர்ந்து ஒரே கடவுள் என்பது பெரும்பாலான கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. "அப்படி அல்ல, கடவுள் ஒருவரே. இயேசு நம் குரு, கடவுள் அல்ல" என்று பிரிந்தவர்கள் யூனிடேரியன்கள்.

இந்த ஒரு வார்த்தைக்காக அந்தக் காலத்தில் உயிரே போகும். 1553-ல் மைக்கேல் செர்வீட்டஸ் என்ற மருத்துவரை ஜெனீவா நகரில் உயிரோடு எரித்தார்கள்.

ஆனால், பதினைந்தே ஆண்டுகளில் ஒரு அதிசயம் நடந்தது. இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவை அப்போது ஜான் சிகிஸ்மண்ட் என்ற இளம் அரசர் ஆண்டார். 1568-ல் டோர்டா என்ற ஊரில் கூடிய சபை, "போதகர்கள் தாம் அறிந்தபடி போதிக்கலாம், மதத்துக்காக யாரையும் துன்புறுத்தக் கூடாது" என்று கட்டளை பிறப்பித்தது. ஐரோப்பாவில் மதத்தின் பெயரால் ரத்த ஆறு ஓடிய காலம் அது! அந்த நாட்டில் ஏராளமாக வாழ்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குச் சம அந்தஸ்து கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசர் மனத்தை மாற்றியவர் பிரான்சிஸ் டேவிட் என்ற போதகர். அரசர் இறந்ததும் காற்று திசை மாறியது. டேவிட், டேவா கோட்டைச் சிறையில் 1579-ல் மாண்டார். சபை மட்டும் சாகவில்லை.

இன்றும் அந்த மலைநாட்டுக் கிராமங்களில் வெள்ளையடித்த யூனிடேரியன் கோவில்கள் இருக்கின்றன. "கடவுள் ஒருவரே" என்று ஹங்கேரிய மொழியில் எழுதியிருக்கும். ஆண்டுக்கு நான்கு முறை அப்பமும் ரசமும் கொடுப்பார்கள். அதில் ஒன்று அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். பிராக் நகரத்தார் கைவிட்ட சடங்கை இவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் கைவிடவில்லை!

சென்னைக்கும் வந்தது

இங்கிலாந்தில் லிண்ட்சே என்ற பாதிரியார் தம் பதவியை உதறிவிட்டு, 1774-ல் லண்டனில் ஒரு பழைய ஏலக்கடையில் யூனிடேரியன் வழிபாட்டைத் தொடங்கினார். அவருடைய எழுத்துக்களைப் படித்தவர்களில் ஒரு தமிழரும் உண்டு. திருவேங்கடம் என்பது அவர் பெயர். வெள்ளைக்காரருடன் கப்பல் ஏறி, லண்டனில் வேலைக்காரராக இருந்து, வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். ஊர் திரும்பி 1795-ல் சென்னையில் சபையைத் தொடங்கினார். தமிழிலேயே பிரார்த்தனை நடத்தினார். 1813-ல் புரசைவாக்கத்தில் ஒரு சிறு கோவிலும் எழுந்தது. யூனிடேரியனாக இருப்பது குற்றம் அல்ல என்று இங்கிலாந்தில் சட்டம் வந்ததும் அதே 1813-ல்தான்!

மேகாலயாவின் காசி மலையில் (கங்கைக் கரைக் காசி அல்ல) கதை வேறு. அங்கே எந்த வெள்ளைக்காரரும் வந்து சபை நிறுவவில்லை. ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் என்ற உள்ளூர் இளைஞர், வேல்ஸ் பாதிரிமார்களின் நரக பயத்தை ஏற்காமல், 1887-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி ஜோவாய் என்ற ஊரில், விரல் விட்டு எண்ணக்கூடிய பேருடன் வழிபாடு நடத்தினார். தம்மைப் போல நினைப்பவர்கள் வெளியிலும் உண்டு என்பதை அவர் கல்கத்தாவில் இருந்த ஒரு அமெரிக்கர் மூலம்தான் அறிந்தார். இன்று மலைக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சபையில் இருக்கிறார்கள். செப்டம்பர் 18 அவர்களுக்குத் திருநாள்.

அமெரிக்கா போன வழி

அமெரிக்க யூனிடேரியன்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். 1961-ல் இன்னொரு சபையோடு சேர்ந்தார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணத்தில் தீபம் ஏற்றித்தான் வழிபாடு தொடங்கும். பிரசங்கத்தில் புத்தரும் வரலாம், கீதையும் வரலாம். பல சபைகளில் யாராவது எழுந்து தம் வீட்டு மகிழ்ச்சியையோ துக்கத்தையோ சொல்லி மெழுகுவத்தி ஏற்றுவார்கள். முடிந்ததும் காப்பி. கடவுள் இல்லை என்பவருக்கும் அங்கே இடம் உண்டு!

2024 ஜூன் மாதம் அவர்கள் தங்கள் பழைய ஏழு கொள்கைகளை மாற்றினார்கள். அன்பை நடுவில் வைத்து, சுற்றிலும் ஆறு பண்புகளை எழுதிக்கொண்டார்கள். பத்துக்கு எட்டுப் பேர் ஆதரித்தார்கள். மற்றவர்களின் மனக்குறை இன்னும் ஆறவில்லை.

இப்படி, பெயர் ஒன்று. ஆனால், "கடவுள் ஒருவரே" என்று வாசலில் எழுதிய கிராமத்தாரும், கடவுளே கட்டாயம் இல்லை என்ற நகரத்தாரும் அதில் இருக்கிறார்கள். இவர்களைப் பிணைப்பது எது? இதுதான் இன்றைய சிக்கல்.

கொள்கை அல்ல, உதவிதான் பிணைத்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. 1989-ல் ருமேனியாவில் சர்வாதிகாரம் விழுந்ததும், அமெரிக்கச் சபைகள் ஆளுக்கு ஒரு டிரான்சில்வேனியக் கிராமத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு கைகொடுத்தன. மார்கரெட் பார் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1936-ல் காசி மலைக்குப் போய், பள்ளிக்கூடம் நடத்தி, 1973-ல் அங்கேயே இறந்தார்.

1995-ல் எல்லா நாட்டுச் சபைகளுக்கும் ஒரு பொது மன்றம் அமைத்தார்கள். 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இது சிறிய சபைகளுக்குத்தான் நஷ்டம். பணக்காரச் சபைக்குத் துணை தேவை இல்லை. மலைக் கிராமத்துச் சபைக்குத் தேவை.

ருமேனியாவில் 2011 கணக்கெடுப்பில் சுமார் 57 ஆயிரம் யூனிடேரியன்கள் இருந்தார்கள். 2021-ல் சுமார் 48 ஆயிரம். பத்தே ஆண்டில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. இப்போது அவர்களை யாரும் எரிக்கவில்லை, சிறையில் அடைக்கவும் இல்லை. இளைஞர்கள் வேலை தேடி ஊரை விட்டுப் போகிறார்கள். கோவில் மணியை அடிக்கப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.